பிறர் பார்க்கச் சாப்பிடுவது

அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். சமூகப் பதற்றத்தை அளக்க உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 24 சூழல்கள் இருக்கின்றன. பொது இடத்தில் தொலைபேசியில் பேசுவது, மேலதிகாரியிடம் பேசுவது, எல்லோரும் உட்கார்ந்த பிறகு அறைக்குள் நுழைவது, யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுவது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயப்படுகிறீர்கள், எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மூன்றாவதாக வரும் சூழல், பொது இடத்தில் சாப்பிடுவது.

மேடையேறப் பயப்படுபவர்களை நமக்குத் தெரியும். சாப்பிடப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குச் செய்தியாக இருக்கும். கை நடுங்கிக் குழம்பு சட்டையில் சிந்திவிடுமோ, மெல்லும் சத்தம் பக்கத்தில் கேட்குமோ, தொண்டையில் சிக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற பயம் அது. இதே கேள்விக்கு, உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்ஸியா நோயுள்ள ஒரு பெண்ணும் 3 என்று போடலாம். அவருடைய பயம் வேறு. தட்டில் இருப்பதை உண்டாக வேண்டுமே, உண்ணாவிட்டால் கவனித்துவிடுவார்களே, உண்டால் ‘இவ்வளவு சாப்பிடுகிறாளே’ என்று நினைப்பார்களே. தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே 3.

இவ்விரண்டையும் பிரித்துவைக்க மனநல மருத்துவம் ஒரு விதியே வைத்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க்கையேடான டி.எஸ்.எம்.மின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு இப்படிச் சொன்னது: உண்ணுதல் கோளாறுகளான அனோரெக்ஸியா அல்லது புலிமியா உள்ள ஒருவர், தன் இயல்புக்கு மாறான உண்ணும் பழக்கம் வெளியே தெரிந்துவிடுமோ என்று மட்டும் பயந்தால், அதைச் சமூகப் பதற்ற நோய் என்று கணக்கில் எடுக்கக் கூடாது. பார்க்கின்சன் நோயாளி தன் கைநடுக்கத்துக்காகக் கூசுவதை எப்படித் தனி நோயாக எண்ணுவதில்லையோ, அப்படி. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பார்க்கின்சன் உதாரணம் இருக்கிறது, உண்ணுதல் கோளாறு உதாரணம் இல்லை.

பழைய விதியில் நியாயம் இருந்தது. ஒரே துன்பத்துக்கு இரண்டு பெயர் வைத்து இரண்டு முறை எண்ணக் கூடாது. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் ஓர் அனுமானமும் இருந்தது: உணவு பற்றிய பயம்தான் மூலம், மனிதர்களைப் பற்றிய பயம் அதன் நிழல். கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைப் படிக்கும்போது அந்த அனுமானம் நிற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பலரிடம் மனிதர்களைப் பற்றிய பயம்தான் முதலில் வந்தது. தட்டு அதன் பிறகு வந்தது.

நோய்களைச் சுருக்கமாக அறிமுகம் செய்துவிடுகிறேன். உடல் மெலிந்து உயிருக்கே ஆபத்து வந்த நிலையிலும் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்ஸியா நெர்வோசா. லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல் லாசேக் இருவரும் 1873இல் தனித்தனியே இதை விவரித்தார்கள். கட்டுப்பாடு இழந்து பெருமளவு உண்டு, பிறகு அதை ஈடுகட்ட உடலை வருத்துவது புலிமியா நெர்வோசா. அதற்குப் பெயர் வைத்தவர் ஜெரால்டு ரஸ்ஸல், 1979இல், 30 நோயாளிகளை ஆராய்ந்த பிறகு. ஈடுகட்டும் செயல் எதுவுமின்றிக் கட்டுப்பாடிழந்து உண்பது மட்டுமே திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் அது மூன்றாவது வகை. 2013இல்தான் டி.எஸ்.எம். அதைத் தனி நோயாக ஏற்றது. இவையெல்லாம் பெண்களின் நோய் என்ற எண்ணம் தவறு. 1689இலேயே ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் அனோரெக்ஸியாவை ஒத்த இரண்டு நோயாளிகளை விவரித்திருக்கிறார். ஒருவர் 18 வயதுப் பெண், மற்றவர் 16 வயதுப் பையன்.

‘சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று இதை லேசாக எடுத்துக்கொள்பவர்களுக்காக ஓர் எண். 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, அனோரெக்ஸியா உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறந்திருந்தார். மனநோய்களில் மிக அதிக உயிர்களைப் பறிப்பவற்றுள் இது ஒன்று.

எது முன், எது பின்

வால்டர் கே என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. உண்ணுதல் கோளாறு உள்ள 672 பேரை நேர்காணல் செய்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு பதற்ற நோய் இருந்திருந்தது. சமூகப் பதற்றம் 20 விழுக்காட்டினருக்கு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் நதாலி கோடார் குழு செய்த சிறிய ஆய்வில் அனோரெக்ஸியா, புலிமியா இரண்டிலுமே பாதிக்கு மேற்பட்டோருக்குச் சமூகப் பதற்றம் இருந்தது.

20 எங்கே, 50க்கு மேல் எங்கே? யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த வினாமுறையைக் கையாண்டார்கள், மருத்துவமனையில் சேர்ந்தவர்களா வெளியே இருப்பவர்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். முன்னே சொன்ன விதியை ஒருவர் எவ்வளவு கறாராகப் பின்பற்றுகிறார் என்பதைப் பொறுத்தும் மாறும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர். அமெரிக்கப் பொதுமக்களில் வாழ்நாள் கணக்கு 12 விழுக்காடு அளவில்தான்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. வால்டர் கேயின் ஆய்வில் பெரும்பாலோர், தங்கள் பதற்றம் சிறுவயதிலேயே தொடங்கிவிட்டது, உணவுச் சிக்கல் பிறகே வந்தது என்று சொன்னார்கள். மக்கள்தொகை ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. அமெரிக்காவில் சமூகப் பதற்றம் தொடங்கும் இடைநிலை வயது 13. அனோரெக்ஸியாவுக்கும் புலிமியாவுக்கும் 18. இடையில் ஐந்து ஆண்டுகள், அதுவும் பள்ளிப் பருவத்தின் ஐந்து ஆண்டுகள். இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். வளர்ந்தவர்களிடம் ‘எப்போது தொடங்கியது’ என்று கேட்டுப் பெறும் பதில்கள் இவை. நினைவு கதையை நேர்ப்படுத்தும். நோயால் தனித்துப்போன ஒருவருக்குத் தன் பால்யமே தனிமையாக இருந்ததுபோலத் தோன்றலாம்.

இதை ஓரளவு சரிபார்க்கக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் உதவுகின்றன. ஹார்வர்டின் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகள் ஏறத்தாழ 500 பேருக்குப் புதிய பொம்மை, புதிய ஒலி, புதிய மணம் காட்டினார். ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. அந்தக் குழந்தைகளில் கணிசமானோர் புதியவர்கள் முன் ஒதுங்கும் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். எல்லோரும் அப்படி ஆகவில்லை. பிறவி இயல்பு என்பது விதி ஆகாது. ஆயினும் புதியதைக் கண்டால் மற்றவர்களைவிடக் கூடுதலாக அதிரும் நரம்பமைப்போடு சிலர் பிறக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. உணவில் பாதுகாப்புத் தேடும் பிள்ளைகளில் சிலர் அவர்களிலிருந்து வரலாம் என்று நினைக்கிறேன்.

வெளியிலிருந்து தன்னைப் பார்த்தல்

சமூகப் பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்றுவரை அதிகம் பயன்படும் விளக்கத்தை 1995இல் டேவிட் கிளார்க், ஆட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் தந்தார்கள். அதன் மையம் இது: பதற்றம் உள்ளவர் ஒரு கூட்டத்தில் நுழைந்ததும் அவருடைய கவனம் கூட்டத்திலிருந்து விலகித் தன்மேல் திரும்பிவிடுகிறது. முகம் சூடாவதை உணர்கிறார், குரல் கம்முவதை உணர்கிறார். அந்த உணர்வுகளை வைத்துக்கொண்டு, தான் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று மனதில் ஒரு படம் வரைகிறார். தன்னை எதிரே நின்று பார்ப்பதுபோன்ற படம். அதில் அவர் முகம் தக்காளிபோல் சிவந்திருக்கும், கை படபடவென நடுங்கும். உண்மையில் எதிரே இருப்பவருக்கு அதில் பாதிகூடத் தெரிவதில்லை. ஆனால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தால்தானே அது தெரியவரும்? பார்ப்பதில்லை.

அடுத்து வருவது பாதுகாப்புச் செயல்கள். வியர்வை தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை, நடுக்கம் தெரியாமலிருக்கக் குவளையை இறுக்கிப் பிடிப்பது, உளறிவிடாமலிருக்கப் பேசும் முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒத்திகை பார்ப்பது. அன்று ஒன்றும் விபரீதமாக நடக்காவிட்டால் ‘சட்டையால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதும். ‘பயந்தபடி ஒன்றும் இல்லை’ என்று எழுதாது. பயம் பொய்யாகும் வாய்ப்பே வருவதில்லை.

இந்தப் படத்தில் உடல் எடையை வைத்துப் பாருங்கள். ‘என்னிடம் ஏதோ சரியில்லை, பிறர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்பது உருவமில்லாத பயம். பேச்சு, குணம், புத்தி, குடும்பம் என்று எதில் குறையென்று சொல்ல முடியாத நிலையில் ஒரு 14 வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும்? உடல் என்றால் அதற்கு உருவம் உண்டு, அளவு உண்டு. எடைக்கருவி ஒவ்வொரு காலையும் ஓர் எண் தரும். பிறர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு எந்தக் கருவியும் எண் தராது. பதில் இல்லாத கேள்வியை, பதில் உள்ள கேள்வியாக மாற்றிக்கொள்கிறது அந்த மனம். தளர்ந்த உடை, திரும்பத் திரும்பக் கண்ணாடி, விருந்தைத் தவிர்க்க ஒரு காரணம், தட்டில் உணவைப் பரப்பிவைத்து உண்டதுபோல் காட்டுவது என உண்ணுதல் கோளாறின் அன்றாடப் பழக்கங்களில் பலவும் கிளார்க்கும் வெல்ஸும் சொன்ன பாதுகாப்புச் செயல்களே.

இந்த இணைப்பை ஆய்வாளர்கள் நேரடியாக அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். தோற்றத்தை வைத்துப் பிறர் எடைபோடுவார்கள் என்ற பயத்தை மட்டும் அளக்க 2008இல் 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று வந்தது. அதைக் கொண்டு செரி லெவின்சன், தாமஸ் ரோடபா இருவரும் செய்த ஆய்வுகளில், சமூகப் பதற்றத்துக்கும் உணவுச் சிக்கலுக்கும் பொதுவான வேராக இந்தப் பயமும், பிறர் தன்னைக் குறைவாக மதிப்பார்கள் என்ற பொதுப் பயமும் தெரிந்தன. இரண்டு நோய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை, ஒரே பயத்திலிருந்து இரண்டு கிளைகள் கிளம்பியிருக்கின்றன என்று இதைப் படிக்கிறேன்.

நோயில்லாதவர்களும் பிறர் கண்ணுக்காகச் சாப்பாட்டை மாற்றுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1987இல் கனடாவின் டொராண்டோவில் நடந்த ஒரு சோதனையில், கவர்ச்சியானவராகக் காட்டப்பட்ட ஓர் ஆணுடன் உட்கார்ந்த பெண்கள் முன்னால் இருந்த நொறுக்குத் தீனியைக் குறைவாகவே எடுத்தார்கள். குறைவாக உண்பவள் பெண்மை மிக்கவள் என்ற எண்ணம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது. நோய் இந்த எண்ணத்தைப் புதிதாக உருவாக்குவதில்லை. சமூகம் தருவதை எடுத்து எல்லை மீறிப் போகிறது.

பார்க்கும் முகங்களிலும் சாய்வு இருக்கிறது. லண்டன் கிங்ஸ் காலேஜில் ஜேனட் டிரெஷரின் குழுவைச் சேர்ந்த வாலன்டீனா கார்டி, உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்குத் திரையில் முகங்களைக் காட்டினார். நிராகரிக்கும் முகங்களில் அவர்கள் கவனம் ஒட்டிக்கொண்டது, ஏற்கும் முகங்களிலிருந்து நழுவியது. நிராகரிக்கும் முகத்தின் மேலான கவனம் குணமடைந்தவர்களிடமும் காணப்பட்டது. அதே நிறுவனத்தின் வேறு ஆய்வுகளில், சோகமோ சிரிப்போ வரவைக்கும் படக்காட்சிகளைப் பார்க்கும்போது அனோரெக்ஸியா உள்ளவர்களின் முகத்தில் உணர்ச்சி குறைவாகவே தெரிந்தது. இவ்விரண்டையும் சேர்த்தால் ஒரு வகுப்பறையில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். முகத்தில் எதுவும் தெரியாத பிள்ளையிடம் மற்றவர்கள் மெல்ல விலகுகிறார்கள். விலகும் முகங்களை மட்டும் அந்தப் பிள்ளை துல்லியமாகப் பார்க்கிறது.

கட்டுப்பாடிழந்து உண்பதற்குள் என்ன இருக்கிறது

பட்டினியை ஒருவகைத் தற்காப்பு என்று புரிந்துகொள்ளலாம். அப்படியானால் பெருமளவு உண்பது? டாட் ஹெதர்டன், பீட்டர் ஹெர்மன், ஜேனட் பொலிவி 1991இல் வெளியிட்ட சோதனை இதற்கு வெளிச்சம் தருகிறது. உணவைக் கட்டுப்படுத்தும் பெண்களையும் கட்டுப்படுத்தாத பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் மின்னதிர்ச்சி வரப்போகிறது என்றார்கள். சிலரை எளிய வேலையில் தோற்கவைத்தார்கள். சிலரிடம், உங்களை மதிப்பிடப்போகும் ஆட்கள் முன் பேச வேண்டும் என்றார்கள். பிறகு ருசி பார்ப்பது என்ற பெயரில் உணவு கொடுத்தார்கள். உடலுக்கு வரும் ஆபத்தை நினைத்துப் பயந்தபோது, உணவைக் கட்டுப்படுத்துபவர்கள் உண்ணும் அளவு குறிப்பிடத்தக்க விதத்தில் மாறவில்லை. தோல்வியும் மேடைப்பேச்சும் காத்திருந்தபோதுதான் அவர்கள் அதிகம் உண்டார்கள். பயம் என்பது பொதுவாக உண்ணவைப்பதில்லை. மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் உண்ணவைக்கிறது, அதுவும் ஏற்கெனவே தன்னைக் கட்டிப்போட்டிருப்பவரை.

அதே ஆண்டு ஹெதர்டனும் ராய் பாமைஸ்டரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: கட்டுப்பாடிழந்து உண்பது தன்னைப் பற்றிய நினைப்பிலிருந்து தப்பிக்கும் வழி. உண்ணும் அந்தச் சில நிமிடங்களில் ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்ற கேள்வி அணைந்துவிடுகிறது. முடிந்ததும் அது இருமடங்காகத் திரும்பிவருகிறது, வெட்கத்தோடு. இந்த வெட்கத்தால்தான் புலிமியா மூடிய கதவுக்குப் பின்னால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் வாழ்கிறது.

1995 நவம்பரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் இளவரசி டயானா தன் புலிமியாவைப் பற்றிப் பேசியபோது அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. நாள் முழுதும் பொதுநிகழ்ச்சிகளில் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீடு திரும்பியதும் தனக்கு ஆறுதல் தேடி உணவிடம் போனதை அவர் விவரித்தார். அவருக்குச் சமூகப் பதற்ற நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கூச்ச சுபாவத்துக்காகவே பத்திரிகைகள் செல்லப்பெயர் சூட்டிய ஒரு 20 வயதுப் பெண், உலகிலேயே அதிகம் படம்பிடிக்கப்பட்ட உடலோடு வாழ வேண்டியிருந்தது என்பது வரலாறு. இதை வெளியே சொல்ல அவர் காட்டிய துணிச்சல் பிரிட்டனில் பலரை மருத்துவரிடம் கொண்டுசேர்த்ததாகக் கருதப்படுகிறது.

பசி தானாகவே செய்வது

இதுவரை சொன்னதிலிருந்து, பிறர் பயம் காரணம், உணவுக் கோளாறு விளைவு என்று ஒரு நேர்கோடு போடத் தோன்றும். அந்தக் கோட்டை உடைக்கும் சான்று ஒன்று இருக்கிறது. அது கிடைத்தது ஒரு கால்பந்து அரங்கத்தின் அடியில்.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் கிடந்தார்கள். அவர்களை மீட்பது எப்படி என்று அறிய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சியின் பேரில் போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நலமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அரங்கத்தின் கீழ்த்தள அறைகளில் தங்கி, 1945 பிப்ரவரி முதல் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 1950இல் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியான கீஸின் நூலில் உடலின் மாற்றங்களோடு மனதின் மாற்றங்களும் பதிவாகியிருக்கின்றன.

சோதனை தொடங்கியபோது அவர்கள் கலகலப்பானவர்கள், உலகை மாற்றும் கனவு உள்ளவர்கள், இரவெல்லாம் அரசியல் பேசுபவர்கள். வாரங்கள் போகப்போக நகைச்சுவை வற்றியது. கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார்கள். பெண்களிடம் நாட்டம் போயிற்று. ஒருவரோடொருவர் பேசுவதே பாரமாயிற்று. மனிதர்களோடு பழகத் தனக்குத் திறமை போதாது என்ற எண்ணம் வளர்ந்தது. உணவு மட்டும் மனம் முழுவதையும் நிறைத்தது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், ஒரு தட்டு உணவை நெடுநேரம் இழுத்தடித்து உண்டார்கள், தட்டை வழித்து நக்கினார்கள்.

இவர்களில் எவரும் ஒல்லியாக ஆசைப்பட்டவர் அல்ல. எவருக்கும் உண்ணுதல் கோளாறு இருந்ததில்லை. பசி மட்டுமே ஒரு மனிதனைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியறைக்குள் தள்ளும் என்பதை இந்த 36 பேர் தங்கள் உடலால் நிரூபித்தார்கள். அனோரெக்ஸியா வார்டில் நாம் காணும் ஒதுங்கலில் ஒரு பகுதி குணமும் இல்லை, பால்யமும் இல்லை, வெறும் பட்டினி.

ஆகவே இது கோடு ஆகாது, வட்டம். கூச்சத்தோடு வளர்ந்த பிள்ளை உடலைச் சுருக்குகிறது. சுருங்கிய உடல் மேலும் கூசவைக்கிறது. நண்பர்கள் குறைகிறார்கள். நண்பர்கள் கூடும் இடமெல்லாம் சாப்பாடு இருப்பதால், சாப்பாட்டைத் தவிர்ப்பவர் நட்பையும் தவிர்த்தாக வேண்டும். பழகிப் பழகிக் கற்க வேண்டிய வயதில் பழக்கமே நின்றுபோகிறது. 14 வயதில் நோய்வாய்ப்பட்டு 20 வயதில் உடல் தேறியவருக்கு, மற்றவர்கள் ஆறு ஆண்டுகளில் கற்ற சின்னச் சின்ன விஷயங்கள் தெரிந்திருக்காது. ஒருவரைச் சினிமாவுக்கு அழைப்பது எப்படி, சண்டை போட்ட தோழியிடம் மறுபடி பேசுவது எப்படி என்பதைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது

வட்டத்தை எங்கே வெட்டுவது என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய சர்ச்சை இல்லை. ஆபத்தான எடையில் இருப்பவருக்கு முதல் மருந்து உணவு. பட்டினி கிடக்கும் மூளையோடு உரையாடி எந்தப் பயத்தையும் குறைப்பது கடினம். மாத்திரைகளும் அப்போது பெரிதாக உதவுவதில்லை. சமூகப் பதற்றத்தில் பயனளிக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளில் ஒன்றான ஃப்ளூவாக்ஸெட்டின் புலிமியாவுக்கும் ஓரளவு உதவுகிறது. ஆனால் எடை மீண்ட பிறகும்கூட, அனோரெக்ஸியா நோயாளிகள் 93 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எடை மீண்ட பிறகு என்ன என்பதில்தான் கவனம் போதவில்லை. மருத்துவமனைக்கு எடை ஒரு தெளிவான இலக்கு. அதை எட்டியதும் வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டுக்கு வரும் பிள்ளை, தான் இவ்வளவு நாள் ஒளிந்திருந்த மறைவிடம் பறிபோன நிலையில், அதே வகுப்பறைக்கு, அதே பார்வைகளுக்கு முன் நிற்கிறது. பழைய பயம் அங்கேயே காத்திருக்கிறது.

சிகிச்சை ஆய்வுகளில் ஒரு வியப்பான முடிவு இருக்கிறது. புலிமியாவுக்கு முதலிடத்தில் இருப்பது, ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த அறிதல்-நடத்தை சிகிச்சை. உண்ணும் பழக்கத்தையும், உடலைப் பற்றிய எண்ணங்களையும் அது நேராகக் கையாளும். அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சிகிச்சையை எடுத்தார்கள். மனச்சோர்வுக்காக உருவானது அது. நோயாளியின் உறவுகளை மட்டும் பேசும்: யாரோடு பிணக்கு, யாரை இழந்தார், எந்தப் புதிய பொறுப்பில் தடுமாறுகிறார். உண்ணும் பழக்கத்தை நேராகக் கையாளாது. 220 நோயாளிகளிடம் நடத்தி 2000இல் வெளியான ஒப்பீட்டில், சிகிச்சை முடிந்த அன்று அறிதல்-நடத்தை சிகிச்சை வெகுவாக முந்தியிருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே புள்ளியியல் பொருளுள்ள வேறுபாடு இல்லை.  உண்ணும் பழக்கத்தை நேராகக் கையாளாத சிகிச்சையும் உணவுக் கோளாறைக் குறைக்கிறது என்றால், நோயின் வேர்களில் ஒன்று எங்கே ஓடுகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஃபேர்பர்ன் 2003இல் தன் மாதிரியை விரிவாக்கியபோது, நோயை நீடிக்கச் செய்யும் காரணிகளில் ஒன்றாக மனித உறவுகளில் வரும் சிக்கலையும் சேர்த்துக்கொண்டார்.

சமூகப் பதற்றத்துக்கென்றே இருக்கும் பயிற்சிகளும் இங்கே கைகொடுக்கும். கிளார்க்கின் முறையில் நோயாளி ஒருவரோடு பேசுவதை வீடியோ எடுக்கிறார்கள். பார்க்கும் முன், தான் எப்படித் தெரிந்திருப்போம் என்று அவரே விவரிக்க வேண்டும். பிறகு, யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல வீடியோவைப் பார்க்க வேண்டும். மனப்படத்துக்கும் வீடியோவுக்கும் உள்ள தூரம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. இன்னொன்று, படிப்படியாகப் பிறரோடு உண்பது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோவானா ஸ்டைங்கிளாஸ் குழு, உணவுக்கு முன் பதற்றம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு உண்பது குறைகிறது என்று கண்டது. அந்தப் பதற்றத்தைத் தவிர்க்காமல் எதிர்கொள்ளப் பழக்குவதே அவர்கள் முறை. பிறரோடு உண்பதிலும் அதையே செய்யலாம்: தெரிந்த ஒருவருடன், பிறகு இருவருடன், பிறகு ஒரு சிற்றுண்டிச்சாலையில். ஒவ்வொரு முறையும் ஒரு பாதுகாப்புச் செயலைக் கைவிட்டுப் பார்ப்பது.

நம் வீடுகளில்

இது மேற்கத்திய நோய் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 1990களிலேயே சென்னையில் மனநல மருத்துவர் டி.என். சீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும், உணவு சார்ந்த மன உளைச்சலை ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் கண்டார்கள். நம் பக்கத்தில் நோய் வேறு முகத்தோடும் வரலாம். ஹாங்காங்கில் சிங் லீ 1993இல் எழுதிய ஆய்வில், அனோரெக்ஸியா நோயாளிகள் 70 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பருமனைப் பற்றிப் பயப்படவே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை நாம் வயிற்று மருத்துவரிடம் அழைத்துப்போவோம். எண்டோஸ்கோப்பி எடுப்பார்கள், வயிறு நன்றாக இருக்கும். ‘ஸ்கூலில் யாரோடு சாப்பிடுகிறாய்?’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் உடலைப் பற்றிப் பேசுவது நலம் விசாரிப்பின் பகுதி. ‘என்னம்மா, இப்படித் துரும்பா இளைச்சுட்ட?’, ‘இப்பத்தான் பூசினாப்ல இருக்க’ என்பதெல்லாம் பாசத்தோடு சொல்லப்படுபவை. சொல்பவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: உன் உடலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ‘இலையில் எதையுமே தொடலையே’ என்று ஒரு சித்தி உரக்கக் கேட்டால், அடுத்த கல்யாணத்துக்கு அந்தப் பெண் வராமல் இருக்க அது போதும்.

லாசேக் 1873இலேயே குடும்பத்தாரின் நிலையைத் துல்லியமாக எழுதியிருக்கிறார். அவர்களிடம் இரண்டே வழிகள் இருக்கும், கெஞ்சுவது அல்லது மிரட்டுவது. இரண்டும் தீர்ந்துபோகும்வரை மாறிமாறிச் செய்வார்கள். இரண்டுமே பிள்ளையின் தட்டை வீட்டின் நடுவே வைத்துவிடுகின்றன. குடும்பம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. இளையவர்களின் அனோரெக்ஸியாவில், பெற்றோரே உணவுக்குப் பொறுப்பேற்கும் குடும்பம் சார்ந்த சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. சிகிச்சை தருபவரின் வழிகாட்டுதலோடு, பேரம் பேசாமல், பழி சொல்லாமல் கூட உட்கார்ந்து சாப்பிடுவது அது. அந்த நேரத்தில் உணவைத் தவிர வேறு எதையும் பேசலாம்.

மனநல மருத்துவர்களிடமும் ஒரு கோரிக்கை. உணவுக் கோளாறோடு வரும் ஒவ்வொருவரிடமும் எடையோடு சேர்த்துப் பிறர் பயத்தையும் அளந்து பாருங்கள். எடை சீரான பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். எதிர்த் திசையிலும் கேளுங்கள்: கூச்சம் என்று வரும் பிள்ளையிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

இதைப் படிப்பவர்களில் பிறர் முன் சாப்பிடுவதைப் பல மாதங்களாகத் தவிர்த்துவருபவர் இருந்தால் அவருக்குச் சொல்கிறேன்: இது பிடிவாதமோ அழகு மோகமோ இல்லை, சிகிச்சை உள்ள நோய். பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்து மீண்டவர்கள் இருக்கிறார்கள். உடல் தளர்ச்சி, மயக்கம், மாதவிலக்கு நின்றுபோதல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் உடலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் பேசலாம். 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.